கால் ஆட்டிய பிணம்

பாய்லர் அண்ணனுக்கு இதுவரை ஒரு போர்ப் படமும் பிடித்ததில்லை. ஒன்றையும் விட்டதுமில்லை. வந்த சூட்டோடு பார்த்துவிடுவார். மறுநாள் காலை டீ வேளையில், சலவைக்கூடத்தில் இருக்கிற பதினோரு பேரும் கேட்டே ஆகவேண்டும் என்கிற மாதிரி, படத்தை ஊறப்போட்டு, அலசி, பிழிந்து, கொடியில் போட்டுவிடுவார்.

ஆஸ்பத்திரித் துணி மட்டும் வெளுக்கிற கூடம் அது; அங்கே பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுவது அண்ணன் வேலை. நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு, முந்நூறு தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி தனி. ரத்தத்தைப் பற்றி அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போடவேண்டும். வெந்நீரில் போட்டால் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எவன் வந்தாலும் போகாது. அதனால் இவர்கள் சண்டைப் படம் பார்க்கிற விதமே வேறு. மற்றவர்கள் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். இவர்கள் சட்டையைப் பார்ப்பார்கள்.

"ரெண்டு நாளா குண்டடி பட்டுக் கெடக்கான்" என்றார் பாய்லர் அண்ணன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. "சட்டையில ரத்தம் இப்பத்தான் பிழிஞ்ச தக்காளி மாதிரி இருக்கு. நம்மகிட்ட வர்ற விரிப்புல ராத்திரி பட்டதே காலையில டிகாஷன் கலருக்கு வந்துடுது. அந்த டைரக்டர ஒரு வாரம் இங்க துணி பிரிக்கப் போடணும். அப்பத்தான் புத்தி வரும்."

"அண்ணே, படத்துல கதைன்னு ஒண்ணு இருக்கும். அத என்னிக்காவது பாத்திருக்கீங்களா?" என்றாள் ரேடியோ. உலர்த்தித் தேய்க்கிற உருளை இயந்திரத்தில் ஈர விரிப்பை நுழைக்கிறவள். வாய் மூடாதவள், அதனால் அந்தப் பெயர். "நான் ஞாயித்துக்கெழமையே பாத்துட்டேன். கடைசியில செத்த கூட்டாளியோட பொண்டாட்டி எழுதின லெட்டர அவன் படிக்கிறான் பாருங்க! பக்கத்துல உக்காந்திருந்தவரு யாருன்னே தெரியாது, அவரு கர்சீப்ப வாங்கி மூக்கச் சிந்திட்டேன்."

"அந்த எடத்துலதான் நான் சிரிச்சேன்."

"உங்களுக்கு நெஞ்சுல என்ன, கரியா?"

இயந்திரத்தின் மறுமுனையில் பெரியவள் நின்றபடியே விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். டீ வேளையிலும் அவள் உட்காருவதில்லை. வீட்டில் அவளைப் பெரியவள் என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை சாப்பாடு கொடுக்க வந்த அம்மா வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டதில் கூடத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. முப்பத்திரண்டு வயது. பதினான்கு மாதமாக அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்வதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கவேண்டும் போலிருக்கும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. மடித்துக்கொண்டே இருந்தால் கை ஓடும், அவ்வளவுதான்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால்தான் அவள் தம்பி சின்னவன் வீட்டைவிட்டுப் போனான். போனை மேசைமேல் வைத்துவிட்டு, போட்டிருந்த சட்டையோடு போனான். இருபத்து நான்கு வயதுப் பிள்ளை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

"ஏன் சிரிச்சேன்னு கேளு" என்றார் பாய்லர் அண்ணன். "இவன் லெட்டர் படிச்சு அழுவுறான். பின்னாடி சேத்துல பத்துப் பதினஞ்சு பொணம். எதிரிக்காரன் பூட்ஸையெல்லாம் கழட்டிக்கிட்டுப் போயிட்டதால எல்லாம் வெறுங்காலு. இடது மூலையில ஒரு பொணம் குப்புறக் கெடக்கு. அது கால ஆட்டுது!"

"போங்கண்ணே. காத்துல ஆடியிருக்கும்."

"காத்துல துணி ஆடும், காலு ஆடுமா? நான் சொல்றேன் கேளு. வலது கால் கட்டைவிரலால இடது குதிகாலத் தேய்க்குது. நிதானமா, ரெண்டு தேய், ஒரு நிறுத்தம். ரெண்டு தேய், ஒரு நிறுத்தம். தூங்குற கொழந்தை மாதிரி. கோடிக்கணக்குல கொட்டிப் படம் எடுக்கிறானுங்க, ஒரு பொணத்தச் சும்மா படுக்கவைக்கத் துப்பில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள் கையிலிருந்த விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. வெளுத்த துணி தரையில் விழுந்தால் மறுபடி வெளுக்கவேண்டும். அவள் அதை எடுக்கவில்லை.

"அண்ணே, மொகம் தெரிஞ்சுதா?"

"யாரு மொகம்?"

"அந்தப் பொணத்தோட மொகம்."

"மொகம் சேத்துல இருக்கும்மா. ஏன்?"

"எங்க தம்பி அப்படித்தான் தூங்குவான்."

சிரிப்பு நின்றது. ரேடியோவே வாயை மூடிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவளுக்கு அந்தச் சத்தமே காதில் கேட்டது. ஒரே அறையில் நான்கு பேர் படுத்த வீடு. விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் சின்னவன் பக்கத்திலிருந்து சரக் சரக் என்று வரும், நிற்கும், மறுபடி வரும். "கால ஆட்டாதடா!" என்று இருட்டிலேயே அப்பா கையை நீட்டிப் பட்டென்று ஒன்று வைப்பார். ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கும். மறுபடி சரக் சரக்.

"இந்தப் படம் எப்பண்ணே எடுத்தது?"

பாய்லர் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். விமர்சகர் போய் மனிதர் வந்துவிட்டார். "ஆறேழு மாசம் இருக்கும். மலை அடிவாரத்துல பள்ளம் வெட்டி எடுத்தாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். ஆயிரம் பேரு வேணும்னு ஊர் ஊரா ஆள் புடிச்சாங்களாம். கூலி ஆளுங்கதான்." கொஞ்சம் யோசித்தார். "பெரியவளே, இன்னிக்கு வியாழன். மத்தியானக் காட்சியோட படத்தத் தூக்குறாங்க. சாயங்காலம் வேற படம்."

கூடத்தின் கடிகாரத்தில் மணி பத்தே கால்.

"போடி" என்று ரேடியோ தரையில் கிடந்த விரிப்பை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "நீ போ. உன் பக்கமும் நானே பாத்துக்கறேன். சூப்பர்வைசர் கேட்டா வயித்துவலின்னு சொல்றேன்."

பாய்லர் அண்ணன் வாசல்வரை வந்தார். "எடைவேளை முடிஞ்சு மழை பெய்யும். மழை நிக்கும்போது கண்ணு கொட்டாம இரு. ஹீரோவப் பாக்காத. இடது மூலை. நாலு எண்ணுறதுக்குள்ள போயிடும்."

வீடு முதல் மாடியில். பத்தொன்பது படி. அந்தப் படிகள்தான் இப்போது வீட்டின் பிரச்சினை. அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஒரு மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் போய்க் குனிந்திருக்கிறார். வண்டி பின்பக்கமாக உருண்டு முழங்காலைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. வண்டி நின்றதும் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பது கிளீனர் வேலை. கிளீனர் சின்னவன். கட்டை வைக்காமல் தூங்கிவிட்டான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா எல்லார் முன்னிலையிலும் சொன்னார். "இனிமே என் கண்ணு முன்னாடி நிக்காத" என்றும் சொன்னார். சின்னவன் வாயே திறக்கவில்லை. அன்று சாயங்காலமே போய்விட்டான்.

இரும்புக் கம்பி வைத்த காலோடு மாடி ஏறி இறங்க முடியாது என்பதால், நகரத்தின் மறுகோடியில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற வண்டி வரும். சாவி அப்பாவின் சட்டைப்பையில். புது விலாசத்தை அக்கம்பக்கத்தில் ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்பது அவர் கட்டளை. "போனவன் போனவன்தான். எனக்கு அவன் செத்துட்டான்."

அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "அவன் நாலு பேருகிட்டப் போய்க் கேக்கிற பிள்ளை இல்லடி" என்று மகளிடம் சமையலறையில் சொல்லுவாள். "தெருவுல நின்னு ஜன்னலப் பாப்பான். வேற திரை தொங்கினா அப்படியே திரும்பிப் போயிடுவான்." அந்த மஞ்சள் பூப்போட்ட திரையும் நேற்றுக் கழற்றப்பட்டு மூட்டைக்குள் போய்விட்டது. அம்மா காலையில் ஒரு மூட்டை கட்டுவாள். சாயங்காலம் கரண்டி உள்ளே போய்விட்டது, உப்பு டப்பா உள்ளே போய்விட்டது என்று அவிழ்ப்பாள். நான்கு நாளாக இந்த வேலைதான் நடக்கிறது.

பெரியவள் மூச்சுவாங்க ஏறி வந்து, மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.

"இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல ஏறியிருந்துதான்னு கேட்டியா?"

"அதெல்லாம் அவரு பாக்கலம்மா."

"நான் பாத்துக்கறேன்" என்று அம்மா தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் அதே விரல்.

அப்பா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "நல்ல கதை. குதிகாலச் சொறியிறவனெல்லாம் உன் தம்பியா? ஊருல யாருக்கும் அரிக்காதா?"

"ரெண்டு தேய், ஒரு நிறுத்தம்னு சொன்னாருப்பா."

"பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுறவன் சொன்னானாம், இவ ஓடி வந்துட்டாளாம். சரி, அவனாவே இருக்கட்டும். செத்த வேஷமா? அதுக்குத்தான் லாயக்கு. படுத்துக் கெடக்கிற வேலை, பொருத்தமாத்தான் போயிருக்கான். அதையும் ஒழுங்காச் செய்யல பாரு."

"வாய மூடுங்க" என்றாள் அம்மா. முப்பத்தைந்து வருடத்தில் அவள் அவரிடம் அப்படிச் சொல்லிப் பெரியவள் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது, நிஜமாகவே மூடிக்கொண்டார்.

அம்மா புடவை மாற்றவில்லை, தலை வாரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். பெரியவள் பூட்டை எடுப்பதா வேண்டாமா என்று தடுமாறி, அப்பாவுக்குச் சோற்றையும் தண்ணீரையும் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். இருவரும் தெருவில் கால் வைக்கிற நேரம் மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏய்! அங்கயே நில்லுங்க!"

திரும்பிப் பார்த்தார்கள். அப்பா படியின் உச்சியில், கைத்தடி மடியில் கிடக்க, தரையோடு உட்கார்ந்திருந்தார். கம்பி வைத்த காலை நேரே நீட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஊன்றி, முதல் படியிலிருந்து இரண்டாவது படிக்குத் தன்னை இறக்கினார். தவழ்கிற பிள்ளை இறங்குகிற மாதிரி. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று பெரியவளுக்குத்தான் உடம்பு கூசியது. டாக்டரைப் பார்க்கப் போகும்போதுகூட நாற்காலியில் தூக்கிக்கொண்டு போக இரண்டு ஆள் வைக்கிற மனிதர். ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்து ஒரு முனகல். பதினோராவது படியில் நின்று, "பொய்யின்னு நிரூபிக்கத்தான் வர்றேன்" என்று சத்தமாக அறிவித்துவிட்டு மீதியையும் இறங்கினார்.

தியேட்டரில் முப்பது பேர் இருந்தால் அதிகம். தூக்கப்போகிற படத்துக்கு யார் வருவார்கள்? கடைசி வரிசையில், ஓரத்தில் அப்பா காலை நீட்ட இடம் பார்த்து உட்கார்ந்தார்கள்.

படம் தொடங்கின நிமிடத்திலிருந்து அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. முதல் குண்டு வெடித்ததும், "இவனா?" என்றாள். விழுந்தவனுக்கு நாற்பது வயது.

"இப்ப இல்லம்மா. எடைவேளைக்கு அப்புறம்."

"அதோ ஓடுறானே, அவன் தோள் சின்னவன் மாதிரி இல்ல?"

"அவன் மீசைக்காரன்மா."

"மீசை வெச்சிருக்கலாம்ல?"

நூறு பேர் ஓடினால் நூறு பேரையும் அவள் பார்த்தாள். குண்டு சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் கண்ணை மூடவில்லை. யார் எந்த நாட்டுக்காரன், எதற்காகச் சண்டை என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. விழுகிறவன் ஒவ்வொருவனுக்கும் "ஐயோ, யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார்.

அப்பா வேறு விதமாகப் பொருமிக்கொண்டிருந்தார். "இந்த லோடோட இந்த மேட்டுல இந்த வண்டி ஏறுமா? கண்ணாடியில தூசி இல்ல, டயர்ல சேறு இல்ல. கியர் மாத்துற சத்தம் கேட்டியா? அது இந்த வண்டிச் சத்தமே இல்ல." திரையில் வரிசையாக லாரிகள் ஒரு சரிவில் நின்றன. வீரர்கள் குதித்து ஓடினார்கள். "பாரு, பாரு! அவ்வளவு சரிவுல நிறுத்தியிருக்கானுங்க, ஒரு வண்டிக்கும் கட்டை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

இடைவேளையில் பெரியவள் டீ வாங்கி வந்தாள். அம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாளே தவிர வாயருகே கொண்டுபோகவில்லை.

மழை பெய்தது. திரை முழுக்கச் சாம்பல் நிறம். பெரியவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மழை குறைந்தது, தூறலாயிற்று, நின்றது. ஹீரோ பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்து நனைந்த கடிதத்தை எடுத்தான். தியேட்டரில் ஒருவரும் அசையவில்லை. அவன் உதடு துடித்தது. முப்பது பேரும் அந்த உதட்டைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் மூன்று பேர் மட்டும் இடது மூலையைப் பார்த்தார்கள்.

சேற்றில் இரண்டு வெறுங்கால்கள். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக்கிடந்தது. வலது கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து குதிகாலைத் தொட்டது. ஒரு தேய். இன்னொரு தேய். நிறுத்தம்.

"டேய்! கால ஆட்டாதடா!"

தியேட்டர் அதிர்ந்தது. அப்பா பாதி எழுந்து நின்றிருந்தார், ஒரு கை காற்றில் நீண்டிருந்தது, பட்டென்று ஒன்று வைக்கப் போகிற மாதிரி. முன்வரிசையில் யாரோ சீட்டியடித்தார்கள். "பெரிசு கண்டுபிடிச்சிருச்சு டோய்!" என்று ஒரு குரல். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குள் திரையில் வேறு காட்சி வந்துவிட்டது.

அம்மாவும் சிரித்தாள். கண்ணீர் வழிய வழிய, நனைந்த முகத்தைத் துடைக்காமல் சிரித்தாள். "அவன்தான். என் விரலு. அவன்தான்டி. உயிரோட இருக்கான்." பெரியவள் அழுதாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு நாற்காலியில் முதுகைச் சாய்த்து அழுதாள்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். "ஈரத்துல படுக்க வெச்சிருக்கானுங்க" என்றார் யாரிடமோ. "எவ்வளவு நேரம் படுக்க வெச்சானுங்களோ. அந்தக் குளிர்லயும் தூங்கியிருக்கான் பாரு."

படம் முடிகிறவரை இருந்தார்கள். கடைசியில் ஓடுகிற பெயர்களை மூவரும் வாய்விட்டுப் படித்தார்கள். அவன் பெயர் இல்லை. பிணங்களுக்கெல்லாம் யார் பெயர் போடுவார்கள்? வெளியே வந்ததும் பெரியவள் பாய்லர் அண்ணனுக்குப் போன் பண்ணினாள். "கூலி ஆளுங்கள அனுப்புற ஏஜென்ட் ஒருத்தனத் தெரியும். நாளைக்கே போய் உக்காந்துடறேன். போட்டோ ஒண்ணு குடு" என்றார். "அந்தப் படத்த ரொம்பத்தான் திட்டிட்டேன் போல இருக்கும்மா."

ஆட்டோ வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது இன்னும் வெயில் இருந்தது. அப்பா படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றித் தன்னைப் பின்பக்கமாக ஒவ்வொரு படியாகத் தூக்கிக்கொண்டார். அவருடைய நீட்டிய காலைத் தாங்கிக்கொண்டு பெரியவள் கூடவே ஏறினாள். அம்மா இரண்டு படி பின்னால் ஏறி வந்தாள். ஏழாவது படியில் அவர் நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து புது வீட்டுச் சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"கொண்டு போய்க் குடுத்துடு. வரலன்னு சொல்லிடு. அவனுக்கு இந்த வீடுதான் தெரியும்."

"சரிப்பா."

அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஏறவில்லை.

"அன்னிக்கு நான் கட்டை போடச் சொல்லவே இல்ல" என்றார்.

அம்மா நின்றாள்.

"விடிய விடிய ஓட்டிட்டு வந்தோம். சரிவுல நிறுத்தினேன். திரும்பிப் பாத்தா தூங்கிக்கிட்டிருந்தான். கால ஆட்டிக்கிட்டே. எழுப்ப மனசு வரல. ரெண்டு நிமிசம்தானேன்னு நானே எறங்கிட்டேன்." கைத்தடியின் முனையால் படியைச் சுரண்டினார். "ஆஸ்பத்திரியில மொதலாளி வந்து யாரு தப்புன்னு கேட்டாரு. வலி. வாயில அவன் பேருதான் வந்துச்சு. அவன் என்னைப் பாத்துக்கிட்டே நின்னான். தான் தூங்கினதாலதான்னு அவனும் நம்பிட்டான்."

பெரியவளுக்கு அவர் காலைத் தாங்கியிருந்த கை கனத்தது. கீழே வைத்துவிடலாமா என்று ஒரு கணம் உண்மையிலேயே தோன்றியது. வைக்கவில்லை.

அம்மா சுவரோரமாக ஒதுங்கி, அவர் மேல் புடவை படாமல், அவரைத் தாண்டி ஏறிப்போனாள். மேலே மூட்டை இழுபடுகிற சத்தம் கேட்டது, முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுக்கிற சத்தம், நாற்காலியை ஜன்னலுக்கு நகர்த்துகிற சத்தம். திறந்த கதவு வழியாகப் படிக்கட்டுச் சுவரில் விழுந்திருந்த ஜன்னல் வெயில் சதுரத்துக்குள் நிழலாக மஞ்சள் பூத் திரை இறங்கி ஆடி நின்றது.

"இப்ப என்னை என்ன செய்யப் போறா?" என்றார் அப்பா மெதுவாக.

பெரியவள் அவர் காலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அம்மா படியின் உச்சிக்கு வந்து நின்றாள். கையில் கத்தி இன்னும் இருந்தது. முகம் சிவந்திருந்தது.

"அவன் வந்து நிக்கிறப்ப, இத நீங்கதான் அவன்கிட்டச் சொல்லணும். உங்க வாயால. நான் சொல்ல மாட்டேன், இவளும் சொல்ல மாட்டா."

அவர் தலையாட்டினார்.

"ஏறுங்க" என்றாள். "இன்னும் பன்னெண்டு படி இருக்கு."